நாற்பதுக்கு மேல் வேண்டாம்

கால் மைலை ஏழு நொடியில் கடக்கிற வண்டி.
சல்மாபாத்திலிருந்து சாகீருக்கு
ஒரு மணி நேரமாக அதை இழுத்துப் போகிறேன்.

டிரெய்லர்க்காரன் வரவில்லை. அச்சு முறிந்துவிட்டதாம்.
ஃபவாஸ் போனில் கத்தினான், அப்புறம் கெஞ்சினான்,
அப்புறம், "கனி, உன்னிடம் அந்தக் கம்பி இருக்கிறதே" என்றான்.

இருக்கிறது. கவட்டை மாதிரி
இரண்டு கால், ஒரு தலை.
தலை என் பிக்கப்பின் குண்டைக் கவ்வும்.
கால்கள், காரின் சட்டத்தில் நானே பற்றவைத்த காதுகளில்.
பம்பரில் மாட்டினால் என்ன என்று கேட்டான் ஷைஜு.
பம்பர் பவுடர் போட்ட முகம், தம்பி.
எலும்பு உள்ளே இருக்கிறது.

சங்கிலி இரண்டையும் குறுக்காகப் போட்டேன்.
தலை கழன்றால் கம்பி தார்ச்சாலையைக் குத்தாமல்
தொட்டிலில் விழுந்த மாதிரி விழும்.
விழாது.
விழும் என்று நினைத்துத்தான் போட வேண்டும்.

டிரைவ் ஷாஃப்ட் ஜெபசிங்கின் மடியில்,
அவனுடைய பழைய சாரத்தில் சுற்றி.
நியூட்ரல் போதாதா என்பார்கள்.
எஞ்சின் தூங்க, பின்சக்கரம் சுற்ற,
எண்ணெய் ஏறாத கியர்பெட்டி
வறண்ட வாயால் தன்னையே மென்றுகொண்டு வரும்.
"கிரீஸ் வேட்டியெல்லாம்," என்கிறான் ஜெபசிங்.
அவன் போட்டிருப்பது பேன்ட்.

"நான் உள்ளே உட்கார்ந்து பிரேக் பிடிக்கிறேன்" என்றான் ஃபவாஸ்.
மாஃபி.
இது கயிறு இல்லை. பிரேக் என் காலில்.
இழுபடுகிற வண்டிக்குள் ஆள் கூடாது.
முதலாளிதான். ஆனாலும்
முகம் சுருங்கி முன்னால் போய்விட்டான், லேண்ட்குரூசரில்.

இப்போது கண்ணாடியில்
ஆளில்லாத இருக்கை,
ஆளில்லாத ஸ்டீயரிங்
ரவுண்டானாவில் தானாகத் திரும்புகிறது,
நான் திரும்பிய பிறகு, ஒரு மூச்சு தாமதித்து.
பின் அச்சு பூட்டியது. இரண்டு சக்கரத்துக்கும் ஒரே சுற்று.
வளைவில் உள்பக்கத்து டயர் முனகுகிறது.
அதனால் அகலமாக எடுக்கிறேன்,
நிறைசூலியை ஏற்றிய ஆட்டோக்காரன் மாதிரி.

ஒரு போலீஸ் வண்டி கொஞ்ச தூரம் கூடவே வந்தது.
பின்விளக்கு எரிகிறதா என்று பார்த்தானோ
அந்த ஸ்டீயரிங்கைப் பார்த்தானோ.
போய்விட்டான்.

ஐந்து கிலோமீட்டரில் நிறுத்தி முளைகளைத் தொட்டேன்.
எல்லாம் இருந்தன. ஒன்றின் ஊசி மட்டும் பாதி வெளியே.
அதை ஜெபசிங்கிடம் சொல்லவில்லை.

பாதை அடைத்திருந்தார்கள். மாற்றுவழி என்று ஓர் அம்பு.
அம்பை நம்பியிருக்கலாம்.
ஜெபசிங்கின் போனை நம்பினேன்.
அது ஒரு மதில்முன் கொண்டுவிட்டது:
சுவர், மேலே இரண்டு பேரீச்சை, குரைக்கிற நாய்.

இந்தக் கம்பிக்குப் பின்னால் போகத் தெரியாது.
ரிவர்ஸ் போட்டால் முன்சக்கரம் மடங்கி
கம்பியை முறுக்கிவிடும்.
ஒரு முழம்கூட வேண்டாம்.

இறங்கினோம். சங்கிலி, முளை, கம்பி.
கழுத்துத் துண்டை நனைத்துப் பிடித்தும் இரும்பு சுட்டது.
ஆயிரத்து அறுநூறு குதிரையை
இரண்டு பேர் தோளால் தள்ளினோம்,
ஒரு கை கதவுக்குள் ஸ்டீயரிங்கில்.
நாய் குரைப்பதை விட்டுவிட்டு உட்கார்ந்து பார்த்தது.
பிக்கப்பைத் திருப்பி, மறுபடி
குண்டு, தலை, சங்கிலி, குறுக்காக.
விளக்கு வயரை மறந்து
பத்தடி போய் நின்று, மாட்டி.

சாகீர் வந்தபோது விளக்கெல்லாம் போட்டுவிட்டார்கள்.
"இவ்வளவு நேரமா?" என்றான் ஃபவாஸ்.
ஷாஃப்டை ஏற்றினேன். நான்கு போல்ட்டு.
நான்காவது ஜெபசிங்கின் சட்டைப்பையில்,
சில்லறையோடு.

அவன் ஓடியதை நான் பார்க்கவில்லை.
பிக்கப்புக்கு அடியில் படுத்து
அந்தப் பாதி ஊசிக்குப் புதுசு தேடிக்கொண்டிருந்தேன்.
தரை நடுங்கியது. பல் நடுங்கியது.
நிமிர்வதற்குள் பாராசூட் விரிந்துகிடந்தது தூரத்தில்.

எவ்வளவு என்று கேட்டேன்.
ஏழு புள்ளி ஒன்று என்றான் ஷைஜு.
இல்லை, இரண்டு என்றான் ஜெபசிங்.

சரி.
சாரத்தை எடு.
திரும்பிப் போகவும் நாற்பதுதான்.